வல்லை வெளியில் வழி கேட்ட குரல்

பேய், முனி, ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். வல்லை வெளியைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை, சத்தியமாக இப்போதும் அந்தக் கதைகளை நம்பவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீங்கள் நம்பாமல் விட்டால் கோபிக்க மாட்டேன். சொல்லப்போனால் இதைச் சொல்ல எனக்குப் பயம் இல்லை, வெட்கம்தான் இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் பெயர் தயாபரன், ஊர் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய். நோர்வேக்குப் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அங்கே வடக்கில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், மீன் தொழிற்சாலை ஒன்றை நம்பித்தான் அந்த ஊரே இருக்கிறது. நான் அங்கே மீன் வெட்டத் தொடங்கி இப்போது தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். நான் போய் ஒரு வருடத்தால், எங்கள் பக்கத்து மீனவர் ஊரான குருநகரிலிருந்து அல்பிரட் வந்தான். ஒரே வயது. நான் மீனைக் கையால் பிடிக்கவே அருவருத்த காலத்தில் அவன் வந்து ஒரு கிழமைக்குள் நோர்வேக்காரரை விட வேகமாக வெட்டினான்.

அந்த ஊரில் மாரியில், அதாவது பனிக்காலத்தில், செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. வேலை, வீடு, தொலைக்காட்சி, சோறு. எனக்கு நாற்பது வயதானபோது டொக்டர் கொழுப்பு, சீனி என்று பயம் காட்ட, தொழிற்சாலையில் ஒருவர் பழைய ஸ்கீ, காலில் மாட்டுகிற பனிச்சறுக்குக் கட்டை, இரண்டு சோடி தர, நானும் அல்பிரட்டும் தொடங்கினோம். மலையிலிருந்து விழுவது போல இறங்குகிற சறுக்கு இல்லை, இது சமதரையிலும் மேட்டிலும் கோல் ஊன்றி ஊன்றிப் போகிற நெடுந்தூர ஓட்டம். பனியில் இரண்டு கோடு போலத் தடம் வெட்டியிருப்பார்கள், அதற்குள் காலை வைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் மாதம் நான் எழும்பி நின்ற நேரத்தை விட விழுந்து கிடந்த நேரம்தான் கூட. அல்பிரட் விழவில்லை. வள்ளத்தில் நின்று வளர்ந்தவனுக்கு அந்தச் சமநிலை உடம்பிலேயே இருந்தது.

இரண்டாம் வருடம் போட்டிகளுக்குப் போகத் தொடங்கினோம். பெரிய வீரர்களின் போட்டி என்று நினைக்காதீர்கள், எங்களைப் போல வேலை முடிந்து வந்து ஓடுகிற ஆட்கள், பஸ் ஓட்டுகிறவர், வாத்தியார், பல் வைத்தியர் என்று நாற்பது வயது தாண்டியவர்கள். பரிசு என்றும் பெரிதாக இல்லை. முடிவில் ஒரு கிண்ணம் சூப், அடுத்த நாள் உள்ளூர்ப் பேப்பரில் பெயரும் நேரமும். ஆனால் அந்தப் பைத்தியம் பிடித்தால் விடாது. சனிக்கிழமைகளில் அல்பிரட்டின் வீட்டு நிலவறையில் இருவரும் ஸ்கீக்கு மெழுகு போடுவோம், அவன் பழைய இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி மெழுகை உருக்குவான், நான் தேய்ப்பேன். பின்னால் வருகிறவன் முந்த விரும்பினால் "தடம்!" என்று அவர்களின் மொழியில் கத்துவான், முன்னால் போகிறவன் ஒதுங்கி வழி விட வேண்டும், அதுதான் மரியாதை. நாங்கள் இருவரும் எங்களுக்குள் "வழி!" என்று தமிழில் கத்துவோம். அந்தப் பனிக்காட்டுக்குள் அப்படிக் கத்துவது எங்களுக்கு ஒரு சந்தோசம்.

ஆறு வருடம் ஓடினோம். ஆறு வருடமும் அல்பிரட்தான் எனக்கு முன்னால். அவனுடைய இடது தோள் ஒருமுறை தொழிற்சாலையில் விலகிப் பிறகு சரியாகப் பொருந்தவில்லை, அதனால் இடது கோல் எப்போதும் வலதுக்கு அரை நொடி பிந்தித்தான் விழும், டக்… டடக் என்று ஒரு நொண்டித் தாளம். அந்தத் தோளோடும் அவன் என்னை வென்றான். நான் சிரித்துக்கொண்டு அவன் முதுகில் தட்டுவேன். உள்ளே என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். மானிப்பாயில் படித்த குடும்பத்தில் பிறந்த நான், பத்தாம் வகுப்போடு கடலுக்குப் போன குருநகரானிடம் ஒவ்வொரு முறையும் தோற்பதா என்று நினைத்தேன். நோர்வேயில், பனிக்குள், இருபது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட சிநேகிதனைப் பற்றி. இப்படி ஒரு நினைப்பு எனக்குள் இருந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது படுகிறது.

ஏழாவது வருடப் போட்டி முப்பது கிலோமீற்றர், மலைமேல் வெட்டவெளியால் போகிற தடம். காற்று முகத்தில் அடித்தது. இருபத்திரண்டாவது கிலோமீற்றரில் ஒரு நீண்ட ஏற்றம், அதில் எனக்கு முன்னால் அல்பிரட்டின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அவன் மெதுவாகப் போனான். அப்படி அவன் போய் நான் பார்த்ததில்லை. எனக்குக் கால்களில் எங்கிருந்தோ பலம் வந்தது. கிட்டப் போய் "வழி!" என்று கத்தினேன்.

அவன் தடத்தை விட்டு ஒதுங்கினான். கோல்களில் சாய்ந்து நின்றான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"தயா, கொஞ்சம் நில்லடா. நெஞ்சு ஒருமாதிரிக் கிடக்குது."

நான் நிற்கவில்லை.

காது கேட்கவில்லை என்று சொல்லலாம், காற்று என்று சொல்லலாம். எனக்குக் கேட்டது. "நில் மச்சான்" என்று இரண்டாம் தரமும் சொன்னான், அதுவும் கேட்டது. இரண்டு கிலோமீற்றரில் உதவி நிலையம் இருக்கிறது, அங்கே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். உதவி நிலையம் வந்தது. ஒரு பெண் கோப்பையை நீட்டினாள். நின்று சொன்னால் அரை நிமிடம் போகும், அவன் அதற்குள் சரியாகி எழும்பி வந்தால் கடைசி இறக்கத்தில் என்னைப் பிடித்துவிடுவான் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனேன்.

முதல் தடவையாக அல்பிரட்டுக்கு முன்னால் முடித்தேன். என் வாழ்க்கையில் ஓடிய ஆகச் சிறந்த நேரம் அது. சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வந்ததும் என்ன சொல்லிப் பகிடி பண்ணலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் பனி ஸ்கூட்டர் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே போனது. எங்களுக்குப் பின்னால் வந்த பல் வைத்தியர்தான் அவனைக் கண்டிருக்கிறார். தன் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பனியில் முழந்தாளிட்டு அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கடந்து போய்ப் பத்து நிமிடத்துக்குப் பிறகு. அல்பிரட் பிழைக்கவில்லை.

எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், நீ அவனைக் கண்டாயா என்று. கண்டேன் என்றேன். நின்று கேட்டேன், "பிரச்சினையில்லை, நீ போ, நான் ஆறுதலா வாறன்" என்று சொன்னான் என்றேன். அந்தப் பொய் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே ஆச்சரியம். அல்பிரட் கலியாணம் கட்டவில்லை, குருநகரில் ஒரே ஒரு தங்கச்சி, றெஜினா. அவளுக்கு நான்தான் ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அவளுக்கும் அதே பொய். அடுத்த மாரியில் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, அல்பிரட்டுக்காக ஓடுகிறேன் என்று சொல்லி ஓடினேன், பேப்பரில் படம் போட்டார்கள். அதை வெட்டி றெஜினாவுக்கு அனுப்பினேன். இதெல்லாம் நான் செய்தவைதான்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். அல்பிரட் போய் மூன்றாவது வருடம், சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, வீசுகிற காலத்தில் ஆறு கிழமை லீவில் மானிப்பாயில் என் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். வரும்போது சில்லு வைத்த ஸ்கீயைக் கொண்டுவந்தேன். பனியில்லாத காலத்தில் தார் ரோட்டில் பழகுவதற்கென்றே அப்படி ஒன்று இருக்கிறது, குட்டையான தடி போல, முன்னுக்கும் பின்னுக்கும் சின்னச் சக்கரம். ஆறு கிழமை ஓடாமல் விட்டால் மாரியில் பின்தங்கிவிடுவேன் என்ற பயம். மானிப்பாய் ரோட்டில் ஒருநாள் போட்டுப் பார்த்தேன், சனம் கடைகளை விட்டு வெளியே வந்து பார்த்தது, நாய்கள் துரத்தின. அக்காவின் கணவர், அத்தான், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"உமக்கு விசர் முத்திப்போச்சுது தயா. உதை ஓடுறதெண்டால் வல்லை வெளிதான் சரி. விடிய வெள்ளனப் போனால் ஒரு குஞ்சும் இராது."

அத்தானிடம் ஒரு பழைய வான் வண்டி இருந்தது. அவரே விடிகாலையில் என்னை ஏற்றிக்கொண்டு போய் வெளியின் இந்தப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மறுபக்கம் பாலத்தடிக்குப் போய், முனியப்பர் கோயிலில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு காத்துக்கொண்டிருப்பார். வல்லை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் வெறும் உப்புத் தரையும் தண்ணீரும், நடுவில் நேராக ஒரு ரோட்டு, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சோளகம் முதுகில் தள்ளும். ஓடுவதற்கு அதைப்போல ஒரு இடம் இல்லை.

வந்த இரண்டாம் கிழமை றெஜினாவைப் பார்க்கக் குருநகருக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அல்பிரட் ஸ்கீயோடு நிற்கிற படம், நான் எடுத்தது. சாப்பிட்டு முடிந்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணை, அவர் கடைசியாக் கதைச்சது உங்களோடைதானே. இன்னொருக்கால் சொல்லுங்கோவன்."

நான் சொன்னேன். சொல்லும்போது புதிதாக ஒன்றும் சேர்த்தேன், அவன் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினான் என்று. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு என் சோற்றுக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள். நானும் சாப்பிட்டேன்.

அதற்கு இரண்டு நாளைக்குப் பிறகுதான் நடந்தது.

வழக்கம் போல அத்தான் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கிழக்கு வெளுத்து, வெயில் வராத நேரம். எல்லாமே வடிவாகத் தெரிகிற வெளிச்சம், இருட்டில் மயங்கினேன் என்று நினைக்க வேண்டாம். ரோட்டில் ஒருவரும் இல்லை. நான் ஓடத் தொடங்கிக் கால்வாசி போயிருப்பேன், பின்னால் ஒரு சத்தம். கோல் முனை தாரில் குத்துகிற சத்தம். என்னுடையதன் எதிரொலி என்று நினைத்தேன், அந்த வெளியில் எதிரொலிக்க ஒரு சுவரும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஊன்றுவதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டேன். அது நிற்கவில்லை.

டக்… டடக். டக்… டடக்.

நம்பினால் நம்புங்கள், எனக்குத் தலைமுடி விறைத்தது என்றெல்லாம் இல்லை. முதலில் வந்தது என்ன தெரியுமா, எரிச்சல். ஆறு வருடம் அந்தச் சத்தத்தை முன்னால் கேட்டுக்கொண்டு ஓடியவன், இப்போது பின்னால் கேட்டதும் என்னைப் பிடிக்கிறான் என்ற பழைய எரிச்சல். அதற்குப் பிறகுதான் யார், எப்படி என்ற யோசனையே வந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. வியர்வையில் நனைந்த என் பிடரியில் குளிர்ந்த மூச்சு ஒன்று பட்டது. சோளகம் சூடான காற்று. இது பனியின் குளிர், மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர், அதை அனுபவித்தவனுக்கு அடையாளம் தவறாது.

பிறகு குரல். கத்தவில்லை, மிகவும் கிட்டத்தில், சாதாரணமாக.

"வழி."

ஒதுங்கியிருக்கலாம். ஒரு அடி இடது பக்கம் ஒதுங்கினால் போதும். நான் என்ன செய்தேன்? வேகத்தைக் கூட்டினேன். இறந்தவன் என்று தெரிந்தும், அவன் யார், நான் அவனுக்குச் செய்தது என்ன என்று தெரிந்தும், அவனை முந்த விடக்கூடாது என்று முழுப் பலத்தோடு ஊன்றினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் உடம்பு கூசுகிற இடம் இதுதான். பயத்தில் ஓடினேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், எனக்கும் மரியாதையாக இருக்கும். ஆனால் பயம் கொஞ்சம், போட்டி மிச்சம்.

"வழி" என்று இன்னொரு தரம் கேட்டது. நான் விடவில்லை. எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியாது. தூரத்தில் பாலம் சின்னதாகத் தெரிந்தது. அப்போது நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்தியது போல ஒன்று வந்து இடது கைக்குப் போனது. கோல் நழுவியது. தார் மேலே வந்து என் தோளில் அடித்தது, அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, விழுந்துவிட்டேன். ரோட்டுக் கரையில் பாதி, உப்புத் தரையில் பாதி.

அந்தச் சத்தம் என் வலது பக்கத்தால் கடந்து போனது. கண் திறந்துதான் இருந்தது. வெறும் ரோட்டுதான் தெரிந்தது. டக்… டடக், டக்… டடக் என்று வெறும் ரோட்டில் சத்தம் மட்டும் போனது.

"நில்லடா" என்றேன். குரல் வந்ததா, உதடு மட்டும் அசைந்ததா தெரியாது. "அல்பிரட், கொஞ்சம் நில் மச்சான்."

சத்தம் நின்றது.

அவன் நின்றான். நான் என்ன விளங்கப்படுத்தினாலும் அதை உங்களுக்கு உணர்த்த முடியாது. ஒரு தரம்தான் கேட்டேன், நின்றான். பிறகு இரண்டு அடி திரும்பி வருகிற சத்தம், கோலை ஊன்றி அதில் சாய்ந்து நிற்கிறவனின் மூச்சுச் சத்தம் என் தலைமாட்டில். முகத்தில் குளிர். நான் மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டிய இடம் அது, இல்லையா? சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், பார்க்க வேண்டி வந்துவிடுமோ என்று. எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. பிறகு அந்தச் சத்தம் பாலத்துப் பக்கமாகப் போனது, மிகவும் வேகமாக, அவன் உயிரோடு இருந்தபோதும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தானின் வான் வந்து நின்றது. என்னைத் தூக்கி ஏற்றினார், கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி. இதயத்து இரத்தக் குழாய் ஒன்று அடைத்திருந்தது. நேரத்தோடு கொண்டுவந்தபடியால் பிழைத்தீர்கள் என்று டொக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் அத்தான் கட்டில் கரையில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் கேட்டேன்.

"அத்தான், நான் விழுந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பாலத்தடியிலை நிண்டால் தெரியாதே."

"உம்மோடை ஓடின ஆள்தான் வந்து சொன்னவர்."

"ஆர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீர் ஆரையோ சோடி சேத்திட்டீர் எண்டு நினைச்சன். உம்மட்டை இருக்கிற மாதிரி ரண்டு தடி கையிலை. வான் கண்ணாடியிலை தட்டி, உங்கடை ஆள் வெளிக்குள்ளை விழுந்து கிடக்கிறார், கெதியாப் போங்கோ எண்டார். நான் வானைத் திருப்பிற அவதியிலை வடிவாப் பாக்கேல்லை. கதைச்சது குருநகர்ப் பக்கத்துப் பேச்சு."

போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன். உதவி நிலையத்தில் கோப்பையை நீட்டிய அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அவன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியால் வந்து பத்தாம் நாள் ஓட்டோ பிடித்து றெஜினாவிடம் போனேன். வல்லையில் நடந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால், உன் அண்ணனே என்னை மன்னித்துவிட்டான், நீயும் மன்னி என்று கேட்பது போல ஆகிவிடும். போட்டியில் நடந்ததை மட்டும் சொன்னேன். அவன் நில் என்று கேட்டது, நான் போனது, உதவி நிலையம், எல்லாம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினை தரம் கேட்டவர்?"

"ரண்டு தரம்."

"பயந்தவரோ?"

பொய் சொல்லலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை வந்தது. "ஓம்" என்றேன். "பயந்துதான் கேட்டவன்."

அவள் அழவில்லை.

"மூண்டு வரியமா நான் அதை நினைச்சுத்தான் படுக்கிறனான் அண்ணை. அவர் பயப்பிடேல்லை, சிரிச்சுக்கொண்டு உங்களைப் போகச் சொன்னவர் எண்டு. இப்ப அதையும் எடுத்துக்கொண்டு போறியள்."

உண்மையைச் சொன்னால் என் பாரம் குறையும் என்று வந்தேன், அதை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன் என்பது அங்கே இருந்தபடிதான் விளங்கியது. எழும்பினேன்.

"தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். அவ்வளவுதான். குடித்தேன். கேற்றடி வரைக்கும் அவள் வரவில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்தது. நோர்வேக்குத் திரும்பியதும் ஸ்கீ, கோல், சப்பாத்து எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். போட்டி நாட்களில் அந்த உதவி நிலையத்தில் நின்று கோப்பை கொடுக்கிறேன், டொக்டர் அதற்கு மட்டும் சம்மதித்தார். முகம் வெளிறி வருகிறவர்களை மறித்து நிறுத்திவிடுகிறேன், ஏசுகிறார்கள், பரவாயில்லை. வல்லையில் நடந்ததற்கும் எனக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அல்பிரட் நல்லவன், என்னை விட நல்லவன், நான் செய்யாததைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று. வெட்கமாக இருந்தாலும் அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

போன மாரியில் ஒருநாள் அத்தான் ரெலிபோன் எடுத்தார். அக்காவின் முழங்கால் வலி, வானை விற்றது, பக்கத்து வீட்டுக் கலியாணம் என்று ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் சிரித்தார்.

"அண்டைக்கு வல்லையிலை வந்த ஆள் ஒரு விசர்க்கதை கேட்டவர் தயா, உமக்குச் சொன்னனானோ?"

"இல்லை. என்ன கேட்டவர்?"

"நீர் விழுந்து கிடக்கிறீர் எண்டு சொல்லிப்போட்டு, நான் வானை எடுக்கிறன், கண்ணாடியாலை குனிஞ்சு கேக்கிறார், எனக்கு முன்னாலை இதாலை ஒருத்தரும் போகேல்லைத்தானே எண்டு. இல்லை, நீங்கள்தான் முதல் எண்டன். மனுசனுக்கு அப்பிடி ஒரு சந்தோசம். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிச்சார்."

நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அன்றைக்கு எனக்கு உதவி செய்யத்தான் வந்தானா, இல்லை என்னை முந்துவதற்கு வந்து, போகிற வழியில் எனக்காக நின்றானா? இதுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, அத்தான் சொல்லித்தான் கேட்டேன். ஆனால் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனை விட்டுவிட்டு வந்து, சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் முகத்தில் இருந்ததும் அதே சிரிப்புத்தான்.